குணசேகரின் தலை அளவு

எலிசபெத்: தலை அளவு என்னன்னு கேட்டியா இல்லையா, ஜெயவேலு?

ஜெயவேலு: யார் தலைக்கா?

எலிசபெத்: உன் தலை இல்ல. உன் தலைக்கு எவன் தலைப்பாகை வைக்கப் போறான். கே.ஜி.எஃப் குணசேகர் தலை. மைசூர் தலைப்பாகைக் கடைக்காரன் ரெண்டு தரம் போன் பண்ணிட்டான். அஞ்சு மணிக்கு டீலர் விழா. இப்பவே பன்னெண்டு.

ஜெயவேலு: குத்துமதிப்பா ஒண்ணு வாங்கிடலாமே...

எலிசபெத்: போன வருஷம் துமகூர் டீலருக்குக் குத்துமதிப்பாதான் வாங்கின. அது மூக்கு வரைக்கும் இறங்கிடுச்சு. போட்டோவுல சேஷகிரி சார் ஒரு தாடிக்கு மாலை போடற மாதிரி இருக்கு.

ஜெயவேலு: அக்கா, அவர் வர்றதே சந்தேகம்.

எலிசபெத்: என்ன சந்தேகம்? நூத்திநாப்பது டீலர்ல அவர் ஒருத்தருக்குத்தான் அவார்டு. 'சிறந்த இன்டர்நெட் டீலர்.' ஜெராக்ஸ் டோனர், ஃபேக்ஸ் ரோல், பேப்பர் பண்டில், எல்லாம் நம்ம வெப்சைட்டுலயே ஆர்டர் போட்ட மகராசன். அவர் இல்லாம விழாவா?

ஜெயவேலு: உடம்பு சரியில்லக்கா.

எலிசபெத்: என்ன உடம்புக்கு?

ஜெயவேலு: காய்ச்சல்... இல்ல, காய்ச்சல் போயிடுச்சு. இப்ப வயிறு.

எலிசபெத்: போன வாரம் மாலை போட்டிருக்கார்னு சொன்ன.

ஜெயவேலு: மாலையும் போட்டிருக்கார். விரதத்துல வயிறு காஞ்சு...

எலிசபெத்: அதுக்கு முன்னால தங்கச்சி கல்யாணம்ன.

ஜெயவேலு: ஆமா.

எலிசபெத்: அதுக்கும் முந்தின மாசம் தங்கச்சி கல்யாணம்.

ஜெயவேலு: அது வேற தங்கச்சி.

எலிசபெத்: அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளைடா.

ஜெயவேலு: சித்தப்பா பொண்ணுங்க இருக்கக் கூடாதா? நீங்க என்னக்கா, போலீஸ் மாதிரி...

எலிசபெத்: சேஷகிரி சாரே வராரு. அவர்கிட்ட சொல்லு உன் தங்கச்சி கதையை.

சேஷகிரி: ஏனப்பா ஜெயவேலு, உன் லைன் டீலர் தலை என்ன ஆச்சு?

ஜெயவேலு: போன் கிடைக்கல சார். கே.ஜி.எஃப்ல மழை.

சேஷகிரி: டிசம்பர்லயா? சரி, நம்பர் போடும்மா எலிசபெத். நானே பேசறேன்.

ஜெயவேலு: சார், சார்... கடை போன் செத்துக் கிடக்கு. நான் கீழ எஸ்.டி.டி பூத்துக்குப் போய் பக்கத்துக் கடைக்குப் போட்டு, அவரை இங்க கூப்பிடச் சொல்றேன். அஞ்சே நிமிஷம்.

சேஷகிரி: ஆபீஸ்ல ஆறு லைன் இருக்கு. நீ பூத்துக்குப் போறியா?

ஜெயவேலு: பூத்து லைன் கொஞ்சம் சுத்தமா இருக்கும் சார்.

எலிசபெத்: விடுங்க சார், போகட்டும். இவன் பூத்துக்குப் போனாதான் குணசேகர் போன் வரும். எப்பவும் அப்படித்தான்.

சேஷகிரி: ஓடறான் பாரு. இவனை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றது? வெப்சைட் வந்தாச்சு. இனிமே ஊர் ஊரா பஸ் ஏறிப் போய் ஆர்டர் எடுக்க ஆளு எதுக்கு?

எலிசபெத்: வெப்சைட் டீலர் வீட்டு விசேஷத்துக்குப் போகாதே சார். இவன் போவான்.

சேஷகிரி: அது சரி, தங்கச் சுரங்கம் மூடி ஒம்போது மாசம் ஆச்சு. அந்த ஊர்ல எப்படி இவ்வளவு வியாபாரம்? என் மச்சான் அனந்தபத்மநாபன் கூட ஆச்சரியப்படறான். கே.ஜி.எஃப் டீலர்ஷிப்பை எனக்குக் குடு, குடுன்னு தினமும் நச்சரிப்பு.

எலிசபெத்: மூடினதாலதான் சார் வியாபாரமே. வீட்டுக்கு வீடு சர்வீஸ் புக்கு, சர்டிபிகேட்டு, ஆபீசருக்கு மனு, அந்த மனுவுக்கு மூணு காப்பி. ஊரே ஜெராக்ஸ் கடை வாசல்லதான் நிக்குது.

சேஷகிரி: குணசேகர் இருக்கறவரைக்கும் மச்சானுக்கு அங்க இடமில்லன்னு சொல்லிட்டேன். நம்ம அக்ரிமென்ட் அப்படி. ஓனர் இருக்கற வரைக்கும்தான் டீலர்ஷிப். மாலூர் முனியப்பா செத்துப் போனான், மறுவாரமே வேற ஆளுக்குக் குடுத்தேன். அவன் சம்சாரம் இங்க வந்து உக்காந்து ஒரு நாள் பூரா அழுதா. நான் என்ன பண்ண முடியும்?

எலிசபெத்: ஞாபகம் இருக்கு சார். என் பக்கத்து நாற்காலிலதான் உக்காந்திருந்தாங்க... போன் அடிக்குது. ஸ்பீக்கர்ல போடறேன்.

போனில் குரல்: வணக்கம்க்கா... சார் இருக்காருங்களா?

சேஷகிரி: நானேதான் குணசேகர். என்னப்பா இப்படி மூச்சு வாங்குது?

போனில் குரல்: ஓடி வந்தேன் சார். பக்கத்துக் கடைக்கு.

சேஷகிரி: உடம்பு எப்படி இருக்கு?

போனில் குரல்: இப்ப ஒரு தொந்தரவும் இல்ல சார்.

சேஷகிரி: அப்ப கிளம்பி வா.

போனில் குரல்: அதுதான் முடியாது சார். படுத்த படுக்கை.

சேஷகிரி: இப்பதானே ஓடி வந்தேன்ன?

போனில் குரல்: ...நீங்க கூப்பிட்டா எந்த நிலைமைல இருந்தாலும் எழுந்து வருவேன் சார்.

சேஷகிரி: பின்னால யாரு அது, 'மெஜஸ்டிக், மெஜஸ்டிக்'னு கத்தறான்?

போனில் குரல்: கண்டக்டர் சார். பெங்களூர் பஸ்ஸு. எங்க கடை வாசல்லயே நிப்பாட்டறாங்க இப்பல்லாம்.

சேஷகிரி: பாரு, பஸ்ஸே வாசல்ல வந்து நிக்குது. ஏறி உக்காரு. சரி, தலை அளவு சொல்லு.

போனில் குரல்: தலை... இருபத்திரண்டு இஞ்சு சார்.

சேஷகிரி: அவ்வளவுதானா? உனக்குப் பெரிய தலையாச்சே.

போனில் குரல்: இளைச்சுட்டேன் சார்.

சேஷகிரி: தலை கூடவா இளைக்கும்?

போனில் குரல்: ஆளே தெரியாம போயிட்டேன் சார்.

சேஷகிரி: சரி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. இந்த ஜெயவேலு எப்படி? நிறுத்திடலாமான்னு பாக்கறேன்.

போனில் குரல்: ஐயோ, வேணாம் சார். தங்கமான பையன் சார். மழை, வெயில் எதுவும் பாக்க மாட்டான். அவனை மாதிரி இன்னொருத்தன் உங்களுக்குக் கிடைக்க மாட்டான் சார். அவனுக்கு ஒரு மழைக்கோட்டு மட்டும்...

எலிசபெத்: மழை எதுவும் பாக்க மாட்டான்னு இப்பதானே சொன்னீங்க?

போனில் குரல்: ...அவன் பாக்க மாட்டான். நமக்குப் பாவமா இருக்குல்ல.

சேஷகிரி: போன மாசம் நீ சொல்லித்தான் அவனுக்கு ஸ்கூட்டரே வாங்கிக் குடுத்தேன். சரி, பாக்கலாம். இப்ப கேளு. நீ இன்னிக்கு வரல, நாளைக்குக் காலைல தலைப்பாகை, சால்வை, வெள்ளித் தட்டு, போட்டோகிராபர், எல்லாத்தையும் கார்ல ஏத்திக்கிட்டு நானே உன் கடைக்கு வரேன். சரிதானே, ஆயித்தா?

போனில் குரல்: வேணாம் சார். வேணவே வேணாம். நான்... நானே வரேன் சார்.

சேஷகிரி: அப்படி வா வழிக்கு. வெக்கறேன். எலிசபெத், இருபத்திரண்டுன்னு கடைக்குச் சொல்லிடும்மா. நான் ஹால்ல மைக் வேலை செய்யுதான்னு பாத்துட்டு வரேன்.

எலிசபெத்: சரி சார்.

ஜெயவேலு: என்னக்கா, பேசினாரா? லைன் கிடைச்சுதா?

எலிசபெத்: கிடைச்சுது. பாவம், அவருக்கு ரொம்ப மூச்சு வாங்குச்சு. உனக்கும் வாங்குது.

ஜெயவேலு: ரெண்டு மாடி ஏறினேன்ல.

எலிசபெத்: உக்காரு. தண்ணி குடி. எதுக்கு வரேன்னு ஒத்துக்கிட்ட?

ஜெயவேலு: யாரு, நானா? அவர் வரேன்னாரா என்ன?

எலிசபெத்: ஜெயவேலு.

ஜெயவேலு: என்னக்கா...

எலிசபெத்: எட்டு வருஷமா குணசேகர் என்னை 'சிஸ்டர்'னுதான் கூப்பிட்டாரு. ஒரு நாள் கூட மாத்திக் கூப்பிட்டதில்ல. ஜூன் மாசத்துல இருந்து திடீர்னு 'அக்கா'ங்கறாரு. இந்த ஆபீஸ்ல என்னை அக்கான்னு கூப்பிடறது ஒரே ஒரு ஆளு. சொல்லு.

ஜெயவேலு: ஜூன் ரெண்டாம் தேதிக்கா. காலைல கடை ஷட்டரைத் தூக்கிட்டே இருந்திருக்காரு. பாதி தூக்கினவரு அப்படியே உக்காந்துட்டாரு. அவ்வளவுதான். நாப்பத்தாறு வயசு.

எலிசபெத்: மாலை போட்டிருக்கார்னு சொன்னது?

ஜெயவேலு: அது பொய் இல்லக்கா. போட்டோவுக்குப் போட்டிருக்கு.

எலிசபெத்: அடப்பாவி. செத்த மனுஷன் வாயால உனக்கு ஸ்கூட்டர் வாங்கிக்கிட்டியேடா.

ஜெயவேலு: நான் எங்க கேட்டேன்? சார் தானா போனைப் பிடுங்கி ஜெயவேலு எப்படின்னு கேட்டாரு. என்னைப் பத்தி நானே என்னத்தச் சொல்றது, நல்லாத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்துடுச்சு. அந்த வேகத்துல ஸ்கூட்டர் வாயில வந்துடுச்சு.

எலிசபெத்: சரி, எதுக்கு இந்தக் கூத்து? நீ போய் ஆர்டர் எடுத்துட்டு வர வேண்டியதுதானே?

ஜெயவேலு: எப்படிக்கா? ஆர்டரை டீலர் தன் வாயாலயே சொல்லணும், இல்லன்னா வெப்சைட்டுல போடணும், லைன் ஆளு சொன்னா எடுக்காதன்னு சார் புது ரூல் போட்டாரே. அவர் சம்சாரம் பேசினா, குணசேகர் எங்கன்னு சார் கேப்பாரு. அதான் வாரா வாரம் நான் கடைக்குப் போய் லிஸ்ட் எழுதி வாங்கிட்டு வந்து, கீழ பூத்துல இருந்து...

எலிசபெத்: தனலக்ஷ்மிக்காகவா இவ்வளவும்?

ஜெயவேலு: அப்படி இழுக்காதீங்கக்கா, நீங்க நினைக்கற மாதிரி இல்ல. அவர் போன பதினஞ்சாம் நாளே கடையைத் திறந்துட்டாங்க. மெஷினைப் பிரிச்சுப் போட்டு அவங்களே டிரம் மாத்தறாங்க. முகமெல்லாம் டோனர் பொடி. ரெண்டு பொண்ணுங்க படிக்குது. அப்பா, மாமனார் எல்லாம் சுரங்கத்து ஆளுங்க, இப்ப வீட்டுல உக்காந்திருக்காங்க. அந்த வீட்டுல ஓடறது அந்த ஒரு மெஷின்தான். அதுவும் போயி அனந்தபத்மநாபன் கையில கடை சிக்கிச்சுன்னா... என்னால அதைப் பாக்க முடியாதுக்கா. எங்கப்பாவும் அதே சுரங்கம்தான்.

எலிசபெத்: அந்தம்மாகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்க?

ஜெயவேலு: அதைக் கேக்காதீங்க.

எலிசபெத்: கேக்கறேன்.

ஜெயவேலு: டீலர்ஷிப் உங்க பேருக்கே மாறிடுச்சு, சார் பெரிய மனசு பண்ணி கையெழுத்துப் போட்டுட்டாருன்னு.

எலிசபெத்: பொய்.

ஜெயவேலு: முழுப் பொய். வேற என்ன பண்ண? உண்மையைச் சொன்னா முறையா கேக்கறேன்னு நேரா இங்க வந்து நிப்பாங்க. அவ்வளவு நேர்மை. சார் முனியப்பா சம்சாரத்துக்குச் சொன்னதைத்தான் இவங்களுக்கும் சொல்வாரு... ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலக்கா. நான் வெப்சைட்டைத் தொட்டதே இல்ல. எனக்கு மவுஸ் பிடிச்சா அம்பு மேஜையை விட்டே ஓடிடும். குணசேகர் எப்படி இன்டர்நெட் டீலரானாரு?

எலிசபெத்: நான்தான் ஆக்கினேன்.

ஜெயவேலு: நீங்களா?

எலிசபெத்: ஆகஸ்ட்ல சார் என்கிட்ட வந்து, குணசேகர் போன் வந்தா எனக்குக் குடும்மா, பேசி ரொம்ப நாளாச்சுன்னாரு. உன் குரல் ஒரு நிமிஷம் தாங்கும். ரெண்டாவது நிமிஷத்துல ஜெயவேலு எட்டிப் பாப்பான். அதனால நீ சொல்ற ஆர்டரை எல்லாம் எழுதி வெச்சுக்கிட்டு, நான் வெப்சைட்டுல ஏத்திட்டேன். குணசேகர் இப்பல்லாம் ஆர்டருக்குப் போன் பண்றதில்ல சார், இன்டர்நெட்ல போட்டுடறாருன்னேன். வெப்சைட் குரல் கேக்காது. ஆளு இருக்காரா, போயிட்டாரான்னும் கேக்காது. பாஸ்வேர்டு மட்டும்தான் கேக்கும்.

ஜெயவேலு: அவருக்குப் பாஸ்வேர்டு வேற இருக்கா? என்னது?

எலிசபெத்: 'சிஸ்டர்.' ஆனா ஒரு தப்பு பண்ணிட்டேன். மத்த நூத்திமுப்பத்தொம்போது பேரும் வெப்சைட் பக்கமே தலை வெச்சுப் படுக்கலங்கறதை யோசிக்கல. போன மாசம் கம்ப்யூட்டர் தானா ஒரு பட்டியல் அடிச்சுக் குடுத்துடுச்சு. முதல் இடம் குணசேகர். ரெண்டாவது இடம், மூணாவது இடம் யாருமே இல்ல. சார் பூரிச்சுப் போய் அன்னிக்கே அவார்டுன்னு சொல்லிட்டாரு.

ஜெயவேலு: லட்சக்கணக்குல செலவு பண்ணி வெப்சைட் கட்டி, அதை ஒழுங்கா உபயோகிச்ச ஒரே டீலர் போய்ச் சேர்ந்தவரு.

எலிசபெத்: சிரிக்காத. எனக்கும் சிரிப்பு வருது.

ஜெயவேலு: நான் போறேன்க்கா. ஹாலுக்கே போய் சார்கிட்ட எல்லாத்தையும் கொட்டிடறேன். என் வேலை போனா போகட்டும், ஸ்கூட்டரை எடுத்துக்கட்டும். அந்தம்மாவை மட்டும் விட்டுடுங்கன்னு கால்ல விழுந்து...

எலிசபெத்: உக்காரு.

ஜெயவேலு: உக்கார நேரம் இல்லக்கா. இன்னொண்ணு சொல்லல உங்ககிட்ட. விழா பத்திரிகை கடைக்குப் போயிருக்கு. அவார்டு தனக்குத்தான்னு நினைச்சு அந்தம்மா புதுப் புடவை கட்டிக்கிட்டு, காலைல மாரிக்குப்பத்துல பெங்களூர் ரயில் ஏறிட்டாங்களாம். இப்ப பூத்துல இருந்து கடைக்குப் போட்டேன், பெரிய பொண்ணு சொல்லுச்சு. எந்த ஸ்டேஷன்ல இறங்கி எங்க நிக்கறாங்களோ. அவங்க நேரா ஹாலுக்குப் போயிட்டா எல்லாம் முடிஞ்சுது.

எலிசபெத்: கண்டோன்மென்ட்ல இறங்கினாங்க. ரிச்சர்ட்ஸ் டவுன்ல எங்க வீட்டுல இருக்காங்க. மீன் குழம்பு வேணாம், இன்னிக்கு வெள்ளிக்கிழமைன்னாங்க. ரசம் வெச்சிருக்கு.

ஜெயவேலு: உங்க வீட்டுலயா?

எலிசபெத்: நான்தான் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிட்டு வந்தேன். வழி பூரா உன் புகழ்தான். ஜெயவேலு சார் மட்டும் இல்லன்னா கடை என் பேருக்கு மாறியிருக்காதுன்னு.

ஜெயவேலு: ஐயோ, அவங்க மூஞ்சியை எப்படிக்கா பாப்பேன்...

எலிசபெத்: நிமிர்ந்து பாரு. மாறிடுச்சு.

ஜெயவேலு: என்ன மாறிடுச்சு?

எலிசபெத்: ஜூலைல எல்லா டீலருக்கும் அக்ரிமென்ட் புதுப்பிச்சோம் இல்ல? கவர்ல ஒட்டிக் குடுத்தேன். ஊர் ஊரா கொண்டு போய் யாரு கையெழுத்து வாங்கிட்டு வந்தது?

ஜெயவேலு: நான்தான். கே.ஜி.எஃப் கவரையும் அந்தம்மாகிட்ட குடுத்தேன். அவங்க போட்டு ஒட்டித் திருப்பிக் குடுத்தாங்க. குணசேகர் கையெழுத்தை இவங்க போட்டுட்டாங்க போலன்னு நான் பயந்து பிரிச்சே பாக்கல.

எலிசபெத்: பிரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். ஓனர் பேர் இருக்கற இடத்துல, 'தனலக்ஷ்மி, கணவர் பெயர் லேட் குணசேகர்'னு நான் டைப் பண்ணியிருந்தேன். நீ போன்ல குணசேகரா முதல் தரம் அக்கான்னு கூப்பிட்ட அன்னிக்கே நான் கடைக்குப் போன் போட்டுட்டேன். அந்தம்மா எல்லாம் சொன்னாங்க. ஆபீஸ் ஃபைலுக்கு வேணும்னு கேட்டேன், இறப்பு சர்டிபிகேட்டை ஃபேக்ஸ்ல அனுப்பினாங்க. அதையும் பின்னால பின் அடிச்சு வெச்சேன்.

ஜெயவேலு: சார்?

எலிசபெத்: நூத்திநாப்பது ஃபைல். டிவில கிரிக்கெட். ஒவ்வொண்ணா நீட்டினேன், கையெழுத்துப் போட்டுக்கிட்டே இருந்தாரு. நான் எதையும் ஒளிக்கல. பக்கத்தைத் திருப்பினா எல்லாம் இருக்கு. அவர் திருப்பல.

ஜெயவேலு: அப்ப நான் அந்தம்மாகிட்ட சொன்னது...

எலிசபெத்: ஜூன்ல பொய். ஜூலைல இருந்து உண்மை. சாயங்காலம் நூத்திநாப்பது டீலர் பாக்க, சார் தன் கையாலயே தனலக்ஷ்மி தலைல தலைப்பாகை வெப்பாரு. தட்டுலயும் அந்தப் பேர்தான் வெட்டியிருக்கு. அப்புறம் ஃபைலைத் தேடினாலும் அவர் கையெழுத்துதான் அவரைப் பாத்துச் சிரிக்கும்.

ஜெயவேலு: நம்மளைச் சும்மா விடுவாரா?

எலிசபெத்: ரெண்டு நாள் கத்துவாரு. மூணாம் நாள், பொம்பளைங்களுக்கு டீலர்ஷிப் குடுத்த முதல் ஆளு நான்தான்னு பேப்பருக்கு போட்டோ அனுப்புவாரு. பதினேழு வருஷமா பாக்கறேன்.

ஜெயவேலு: தலைப்பாகை? நான் இருபத்திரண்டுன்னு சொல்லிட்டேனேக்கா. அது என் தலை அளவு.

எலிசபெத்: அந்தம்மாவுக்கு இருபத்தொண்ணு. காலைலயே டேப் வெச்சு அளந்தாச்சு. கடைக்காரன் பத்து மணிக்கே கட்டி முடிச்சுட்டான்.

ஜெயவேலு: அப்ப தலை அளவு என்ன, தலை அளவு என்னன்னு காலைல இருந்து என் உயிரை வாங்கினது?

எலிசபெத்: இத்தனை மாசம் என்னை ஏமாத்தினதா நினைச்சுட்டிருந்தியே, அதுக்கு.

ஜெயவேலு: சரி, பட்டாச்சு. ஆனா ஜூலைலயே என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்லக்கா? ஒவ்வொரு திங்கக்கிழமையும் அந்தப் பூத்துல நின்னு, குரலை மாத்திக்கிட்டு, பூத்துக்காரன் என்னைப் பைத்தியம்னே முடிவு பண்ணிட்டான். எதுக்கு என்னைப் பேச விட்டீங்க?

எலிசபெத்: சொல்லியிருந்தா நிறுத்தியிருப்ப. எட்டு வருஷம், திங்கக்கிழமை பத்து மணிக்கு, 'சிஸ்டர், இன்னிக்கு டப்பாவுல என்ன?'ன்னு கேட்டுட்டுத்தான் அந்த மனுஷன் ஆர்டரே சொல்வாரு. இந்த ஆபீஸ்ல வேற யாரும் என்னை அது கேட்டதில்ல. உன் குரல்ல அவர் கால்வாசிதான் இருந்தாரு... அதையும் விட்டுட எனக்கு மனசு வரல. அதனால வர திங்கக்கிழமையும் போன் பண்ணு. ஆர்டர் வேணாம், என்ன சாப்பாடுன்னு மட்டும் கேட்டுட்டு வெச்சுடு. அக்கான்னு மட்டும் கூப்பிட்டுத் தொலைக்காத.